அறிவியல் மன்றம் தொடங்குவது எளிது. தொடர்ந்து நடத்துவது எப்படி? புனே காட்டும் வழி

புனே: பள்ளி அறிவியல் மன்றங்கள் பலவும் விழாவுடன் தொடங்குகின்றன. பெயர்ப்பலகை மாட்டப்படுகிறது, உறுப்பினர் பட்டியல் தயாராகிறது, முதல் கூட்டம் சிறப்பாக நடக்கிறது. தேர்வுகள் நெருங்கும்போது கூட்டங்கள் குறைகின்றன. கருவிகள் அலமாரிக்குள் போகின்றன. ஆர்வமுள்ள ஆசிரியர் இடமாறுதல் பெற்றுச் சென்றதும் மன்றம் ஓசையின்றி நின்றுபோகிறது.

அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2016இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ், தேர்வு செய்யப்படும் ஒரு பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை மானியம் வழங்கப்படுகிறது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக முப்பரிமாண அச்சு இயந்திரம், மின்னணுக் கருவிகள் போன்றவை வாங்கப்படுகின்றன.

கருவிகள் வந்து சேர்ந்தபின், அவற்றை மாணவர்கள் கையில் கொண்டு சேர்ப்பது யார், எந்த நாளில், எந்த நேரத்தில் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியது ஒவ்வொரு பள்ளியின் பொறுப்பாகிறது. இதற்கு மகாராஷ்டிர மாநிலம் புனே நகரின் நீண்ட கால அனுபவம் பயனுள்ள விடைகளைத் தருகிறது.

இரண்டாவது சனிக்கிழமை

புனே பல்கலைக்கழக வளாகத்தில், வானியல் மற்றும் வான் இயற்பியலுக்கான பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான மையம் 1988இல் நிறுவப்பட்டது. சுருக்கமாக ‘ஐயூகா’ என்று அழைக்கப்படும் இம்மையத்தின் நிறுவன இயக்குநர் வானியல் அறிஞர் ஜெயந்த் நர்லிகர். கோலாப்பூரில் 1938இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், 2025 மே 20ஆம் தேதி புனேயில் தமது 86ஆவது வயதில் காலமானார்.

உயர் ஆராய்ச்சிக்காக உருவாக்கப்பட்ட இம்மையத்தின் கதவுகள் பள்ளி மாணவர்களுக்கும் திறக்கப்பட்டன. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைகளில் மாணவர்களுக்கான அறிவியல் சொற்பொழிவுகள் இங்கு நடைபெற்று வருகின்றன. ஒரே பொருள் குறித்து ஆங்கிலத்திலும், மராத்தி அல்லது இந்தியிலும் உரை நிகழ்த்தப்படுவது வழக்கம். தமிழ் மண்ணைப் பூர்விகமாகக் கொண்ட நோபல் அறிஞர் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய அரங்கில் இந்த உரைகள் நடைபெறுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

கோடை விடுமுறையில் புனே பள்ளிகளைச் சேர்ந்த 8, 9ஆம் வகுப்பு மாணவர்கள் ஒரு வார காலம் ஆய்வாளர் ஒருவரின் வழிகாட்டுதலில் பணியாற்றும் திட்டமும் நடத்தப்பட்டு வந்துள்ளது. இதில் பாடத்திட்டமோ தேர்வோ கிடையாது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பின்தொடர்வதே மாணவரின் வேலை.

சனிக்கிழமைச் சொற்பொழிவில் மன்றங்கள் கவனிக்க வேண்டிய செய்தி, அதன் நாள் மாறாதது என்பதாகும். எந்தச் சனிக்கிழமை என்று மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் ஆண்டின் தொடக்கத்திலேயே அறிந்திருக்கிறார்கள். ‘நேரம் கிடைக்கும்போது கூடுவோம்’ என்று தொடங்கும் மன்றத்திற்கு நேரம் கிடைப்பதே இல்லை. கிழமையும் மணியும் முதலில் முடிவாக வேண்டும், மற்றவை பிறகு.

திறந்த முற்றம்

ஐயூகா வளாகத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கெனத் தனி அறிவியல் மையமும் உள்ளது. ‘முக்தாங்கண் விஞ்ஞான் ஷோதிகா’ என்பது அதன் பெயர். முக்தாங்கண் என்ற சொல்லுக்குத் திறந்த முற்றம் என்று பொருள். புகழ்பெற்ற மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயின் நினைவாக அளிக்கப்பட்ட நன்கொடையில் இது உருவானது.

இம்மையத்தில் 2003ஆம் ஆண்டு முதல் சுமார் 11 ஆண்டுகள் பணியாற்றியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பயின்று, புனேயில் டெல்கோ வாகன நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். 1978இல் பணியிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் நடைபெற்ற அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்தார்.

கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய அமைப்புகள் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் அது. மாணவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வருவது அதன் முறை. பின்னர் ‘ஏகலவ்யா’ அமைப்பின் பொறுப்பில் பல நூறு பள்ளிகளுக்கு அது விரிவடைந்தது.

அங்குள்ள கிராமச் சந்தையில் மலிவாகக் கிடைத்த பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்ய முடியும் என்பதை அரவிந்த் குப்தா கண்டறிந்தார். சைக்கிள் வால்வு டியூப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி இணைக்கும் முறை அவ்வாறு பிறந்ததே. அவர் உருவாக்கிய பொம்மைகளின் செய்முறைக் காணொலிகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மாணவர் கையில் உடைந்தால் யாரும் கவலைப்படாத பொருளே மன்றத்திற்கு மிகச் சிறந்த கருவி என்பது இந்த அனுபவம் கற்பிக்கும் பாடம். விலையுயர்ந்த கருவியை ஆசிரியர் இயக்க, மாணவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். தீக்குச்சியையும் ஸ்ட்ராவையும் அவர்களே கையில் எடுக்கிறார்கள்.

யார், எங்கே, எப்போது?

மன்றம் தொடங்க விரும்பும் பள்ளி முதலில் மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும்.

முதலாவது, உறுப்பினர்கள். 20 முதல் 30 மாணவர்கள் வரை இருந்தால் ஒவ்வொருவருக்கும் கைவேலை கிடைக்கும். 4 பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பது நல்லது. மதிப்பெண் அடிப்படையில் உறுப்பினர்களைத் தேர்வு செய்தால், மன்றம் மற்றொரு சிறப்பு வகுப்பாகிவிடும். வகுப்பில் வாய் திறக்காத மாணவர் கைவேலையில் முன்னிற்பது உண்டு. அவருக்கும் இடம் இருக்க வேண்டும். 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களைக் கலந்து சேர்த்தால், மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுத்தரும் வழக்கமும் உருவாகும்.

இரண்டாவது, இடம். ஒரு வகுப்பறையும் அருகில் சிறிது திறந்த வெளியும் போதும். பொருள்களை வைக்கப் பூட்டில்லாத பெட்டி ஒன்று வேண்டும். அதன் பொறுப்பை மாணவர்களிடமே ஒப்படைக்கலாம்.

மூன்றாவது, நேரம். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம், அல்லது இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். 2020ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையும் அறிவியல், கணித வட்டங்கள் போன்ற மாணவர் மன்றங்களை ஊக்குவிக்க வேண்டும் என்று கூறுகிறது. எனவே கால அட்டவணையிலேயே இதற்கு இடம் கேட்டுப் பெறப் பள்ளிகளுக்கு வாய்ப்புள்ளது.

முதல் மூன்று கூட்டங்கள்

தொடக்கக் கூட்டத்தை உரைகளால் நிரப்பாமல் வேலையில் தொடங்குவது நல்லது. முதல் நாளில் தீக்குச்சிகளின் மருந்து முனையை நீக்கிவிட்டு, வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் செய்யச் சொல்லலாம். சதுரத்தை விரலால் அழுத்தினால் அது சாய்ந்து சாய்சதுரமாகிறது. முக்கோணம் அசைவதில்லை. சதுரத்தை உறுதியாக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், மூலைவிட்டமாக ஒரு குச்சி தேவை என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். மின்கோபுரங்களிலும் ரயில் பாலங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் அந்த நிமிடத்தில் விளங்கிவிடும்.

இரண்டாம் கூட்டத்திற்கு ஸ்ட்ரா ஒன்று போதும். அதன் ஒரு முனையைத் தட்டையாக்கி, கூராக வெட்டி, உதடுகளுக்கு இடையே வைத்து ஊதினால் ஒலி எழும். ஊதிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையைக் கத்தரியால் சிறிது சிறிதாக வெட்டினால் சுருதி ஏறிக்கொண்டே போகும். குழலுக்குள் இருக்கும் காற்றின் நீளம் குறையக் குறைய அதிர்வெண் கூடுகிறது. நாதஸ்வரத்தின் சீவாளி அதிர்வதும் இதே முறையில்தான்.

மூன்றாம் கூட்டத்தில் மின்மோட்டார் செய்யலாம். 1.5 வோல்ட் பேட்டரி செல் ஒன்று, இரண்டு ஊக்குகள், சிறு காந்தம், ரப்பர் பேண்ட், எனாமல் பூசிய செம்புக் கம்பி சுமார் ஒரு மீட்டர் ஆகியவை தேவை. கம்பியைச் செல்லின் மீது 10 சுற்றுகள் சுற்றி எடுத்து, இரு முனைகளும் எதிரெதிரே நேர்கோட்டில் நீட்டிக்கொண்டிருக்குமாறு வளையமாகக் கட்ட வேண்டும். ஊக்குகளைச் செல்லின் இரு முனைகளிலும் ரப்பர் பேண்டால் பொருத்தி, அவற்றின் துளைகளில் கம்பி முனைகளை நுழைக்க வேண்டும். காந்தம் செல்லின் மேல், வளையத்திற்கு நேர் கீழே அமையும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு முனையில் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டாமல் விட வேண்டும். முழுவதும் சுரண்டிவிட்டால் காந்தம் வளையத்தைப் பாதிச் சுற்றில் முன்னோக்கித் தள்ளி, மறுபாதியில் பின்னோக்கி இழுக்கும். சுரண்டாத பக்கம் ஊக்கைத் தொடும்போது மின்னோட்டம் நின்றுவிடுவதால், வளையம் தன் வேகத்திலேயே அந்தப் பாதியைக் கடந்துவிடுகிறது.

பெரும்பாலான குழுக்களின் மோட்டார் முதல் முயற்சியில் சுற்றாது. எனாமல் சரியாகச் சுரண்டப்படவில்லையா, முனைகள் நேர்கோட்டில் இல்லையா, வளையம் ஒரு பக்கம் கனமாக உள்ளதா, செல் தீர்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு காரணத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதே அறிவியல் ஆய்வின் அடிப்படை. ஆசிரியர் உடனே வாங்கிச் சரிசெய்து கொடுத்தால் மோட்டார் சுற்றும். ஆனால் அந்தப் பாடம் கைநழுவிப் போகும்.

இரு நகரங்களின் நிழல்

மன்றம் நிலைபெற்ற பிறகு வேறோர் ஊர் மன்றத்துடன் சேர்ந்து செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்தி, நண்பகலை ஒட்டி 5 நிமிடத்திற்கு ஒருமுறை நிழலை அளக்க வேண்டும். நிழல் மிகக் குறுகும் நேரமே அந்த ஊரின் உண்மையான நண்பகல். புனேயில் அது கடிகாரத்தில் சுமார் 12.35 மணிக்கும், சென்னையில் சுமார் 12.10 மணிக்கும் வரும். மாதத்திற்கு ஏற்ப இது கால் மணி நேரம் வரை முன்பின் ஆகலாம்.

பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 21ஆம் தேதியை ஒட்டி அளந்தால், அந்தக் குறுகிய நிழல் புனேயில் சுமார் 33 சென்டிமீட்டரும், சென்னையில் சுமார் 23 சென்டிமீட்டரும் இருக்கும். தாளில் அளவு குறைத்து முக்கோணம் வரைந்து, கோணமானியால் அளந்தால் முறையே 18.5 பாகையும் 13.1 பாகையும் கிடைக்கும். வேறுபாடு 5.4 பாகை. வரைபடத்தில் இரு நகரங்களுக்கும் இடையே உள்ள வடக்கு–தெற்குத் தொலைவு சுமார் 600 கிலோமீட்டர். 5.4 பாகைக்கு 600 கிலோமீட்டர் என்றால், முழு வட்டத்தின் 360 பாகைக்கு 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு அதுதான்.

2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் கையாண்ட முறை இது. ஒரு கோலும் அளவு நாடாவும் கொண்டு உலகை அளந்துவிட்டோம் என்ற அனுபவம் மாணவர்களிடம் வெகுகாலம் தங்கும். புனேயில் மே மாத நடுப்பகுதியிலும் ஜூலை இறுதியிலும், சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளை ஒட்டியும் நண்பகலில் கோலின் நிழல் அறவே மறையும் நாள்கள் வருகின்றன. மன்றத்தின் நாள்காட்டியில் இவற்றையும் குறித்துக்கொள்ளலாம்.

குறிப்பேடும் கேள்விப் பெட்டியும்

ஒவ்வோர் உறுப்பினரிடமும் ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும். தேதி, செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது என்ற நான்கு குறிப்புகள் போதும். எதிர்பார்த்ததும் நடந்ததும் வேறுபட்டால் இரண்டையும் அப்படியே எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் இடக்கூடாது. இட்டால் மாணவர்கள் ‘சரியான’ விடையை எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

அறையின் மூலையில் கேள்விப் பெட்டி ஒன்று வைக்கலாம். நர்லிகரிடம் கையெழுத்து கேட்டு மாணவர்கள் சூழ்ந்துகொள்வது வழக்கம். அஞ்சலட்டையில் அறிவியல் கேள்வி ஒன்றை எழுதி அனுப்பினால், விடையுடன் கையெழுத்தும் வரும் என்று அவர் அவர்களிடம் கூறுவார். கேள்வி கேட்பவருக்கு விடை நிச்சயம் உண்டு என்ற நம்பிக்கையை அது அளித்தது.

பெட்டியில் விழும் கேள்விகளுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் குறைந்தது ஒரு கேள்வியையாவது எடுத்துப் பேச வேண்டும். ஆசிரியருக்கு விடை தெரியாவிட்டால், ‘தெரியவில்லை, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?’ என்று மாணவர்களிடமே கேட்கலாம். அனைத்தும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற அச்சமே ஆசிரியர்கள் பலரை மன்றப் பொறுப்பை ஏற்கத் தயங்க வைக்கிறது. மன்றத்திற்குத் தேவை மாணவருடன் சேர்ந்து தேடும் ஒருவர் மட்டுமே.

பாதுகாப்பு விதிகள்

சில விதிகளில் தளர்வு கூடாது. வீட்டு மின் இணைப்பின் 230 வோல்ட் மின்சாரத்தில் எந்தச் சோதனையும் செய்யக்கூடாது. பேட்டரி செல் மட்டுமே போதும். மோட்டார் சுற்றாமல் நின்றிருக்கும்போது இணைப்பை நீக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கம்பியும் செல்லும் சூடாகும். சூரியனை வெறும் கண்ணாலோ, தொலைநோக்கி வழியாகவோ நேரடியாகப் பார்க்கக் கூடாது; அட்டையில் ஊசித்துளையிட்டு, அதன் வழியே தாளில் விழும் பிம்பத்தையே பார்க்க வேண்டும். அமிலம், தீ ஆகியவற்றை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். இரவு வானம் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் அவசியம்.

மன்றங்கள் ஏன் நின்றுபோகின்றன?

மன்றம் நின்றுபோவதற்குப் பணப் பற்றாக்குறை மட்டும் காரணமாவதில்லை. 16 பள்ளிகளில் தொடங்கிப் பல நூறு பள்ளிகளை எட்டிய ஹோஷங்காபாத் திட்டம், 30 ஆண்டுகளுக்குப் பின் 2002இல் மாநில அரசின் முடிவால் நிறுத்தப்பட்டது. நாடு முழுவதும் அறிவியல் மன்றங்களை இணைக்க 1998இல் ‘விப்நெட்’ வலையமைப்பைத் தொடங்கிய விஞ்ஞான் பிரசார் அமைப்பும் 2023இல் மூடப்பட்டது. மேலிருந்து வரும் ஆதரவு எந்த நேரத்திலும் விலகக்கூடும் என்பதை இவை உணர்த்துகின்றன.

புனேயில் இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உள்ளது. 1944இல் வானியல் ஆர்வலர்கள் தொடங்கிய ‘ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா’ சங்கம் 80 ஆண்டுகளைக் கடந்தும் இயங்கி வருகிறது. அமெச்சூர் வானியல் சங்கங்களில் நாட்டிலேயே மிகப் பழமையானதாக இது கருதப்படுகிறது. உறுப்பினர்களே நடத்தும் சங்கம் என்பதால், ஒருவர் விலகும்போது பொறுப்பை ஏற்க மற்றொருவர் இருக்கிறார்.

பள்ளி மன்றத்திற்கும் இது பொருந்தும். ஓர் ஆசிரியருக்குப் பதில் இருவர் பொறுப்பேற்க வேண்டும். 9ஆம் வகுப்பு மாணவர்கள் ஆண்டின் இறுதியில் 8ஆம் வகுப்பினரிடம் பெட்டியையும் குறிப்பேடுகளையும் ஒப்படைக்க வேண்டும். அருகிலுள்ள கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சைக்கிள் பழுதுபார்ப்பவர், மின்பணியாளர் ஆகியோரில் ஒருவரை மாதம் ஒருமுறை அழைக்கலாம்.

தமிழ்நாட்டில் உள்ள வாய்ப்புகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இது புதிய பாதை அல்ல. 1980இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் மாத இதழை வெளியிட்டு வருகிறது. அதன் வாசகர்களைக் கொண்டு துளிர் இல்லங்களும் ஊர்தோறும் உருவாயின. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கான ‘வானவில் மன்றம்’ திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 நவம்பர் 28ஆம் தேதி திருச்சியில் தொடங்கிவைத்தார். 13,210 பள்ளிகளை உள்ளடக்கிய இத்திட்டத்தில், கருத்தாளர்கள் பள்ளிகளுக்கு நேரில் சென்று சோதனைகளைச் செய்து காட்டுகின்றனர்.

1993 முதல் நடைபெற்று வரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையிலானவர்கள் தங்கள் ஊரின் சிக்கல் ஒன்றை ஆய்வு செய்து அறிக்கை அளிக்கலாம். மன்றத்தின் ஓராண்டு உழைப்பை வெளியே எடுத்துச்செல்ல இது நல்ல வாய்ப்பு. எனினும் போட்டிக்காக மட்டுமே மன்றம் இயங்கினால், பரிசு பெறும் மாணவர்களைத் தவிர மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

ஓராண்டின் முடிவில் மன்றத்தின் நிலையை அறியப் பரிசுக் கோப்பைகளை எண்ண வேண்டியதில்லை. எத்தனை கூட்டங்கள் குறித்த நாளில் நடந்தன, எத்தனை மாணவர்கள் தம் கையால் சோதனை செய்தனர், பெட்டியில் எத்தனை கேள்விகள் விழுந்தன, அவற்றில் எத்தனைக்கு விடை தேடப்பட்டது என்ற நான்கு எண்ணிக்கைகள் போதும். அவை ஆண்டுதோறும் கூடினால் மன்றம் வேரூன்றிவிட்டது என்று கொள்ளலாம்.